டோக்கியோவில் ஐந்தாம் இடம்

2025 செப்டம்பர் 16-ஆம் தேதி மாலை, செம்பிட்டப் பள்ளியின் மஃரிப் பாங்கு கேட்டு அடங்கிச் சற்று நேரம் கழிந்திருந்த வேளையில், கொச்சி நகரத்துக் கொச்சங்காடியில் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, பேரன் கையிலிருந்த கைப்பேசியின் சின்னஞ்சிறு திரையில் டோக்கியோ உலகத் தடகளப் போட்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரனுக்கு உயரம் தாண்டுதலில்தான் கண். அன்று அதன் இறுதிச் சுற்றில் நம்மவரான சர்வேஷ் குஷாரே இருந்தார். அவர் ஆறாம் இடம் பெற்றார் என்பதையும், அது அற்பமான காரியமன்று என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன். எனக்கோ, அதற்கு நடுவே ஒரு மின்னலைப் போல வந்து போகவிருந்த ஆடவர் 110 மீட்டர் தடையோட்டத்தில்தான் மனம் லயித்திருந்தது.

வந்தது, போயிற்று. அமெரிக்கரான கோர்டெல் டின்ச் 12.99 விநாடியில் முதலாவதாக வந்தார். ஒரு காலத்தில் விளையாட்டையே விட்டுவிட்டுக் கடையில் கைப்பேசி விற்றுக்கொண்டிருந்த மனிதர் அவர். முந்தைய மூன்று உலகப் போட்டிகளிலும் தங்கம் வென்றிருந்த கிராண்ட் ஹாலோவே அரையிறுதியோடு வெளியேறிவிட்டார். ஆனால் அன்றைய அரங்கமே யாருக்காகக் காத்திருந்ததோ அந்த முரதாகே ராஷித், டோகோ நாட்டுத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த அந்த இளைஞர், 13.18 விநாடியில் ஐந்தாவதாக வந்தார். ஒரு மாதத்துக்கு முன் ஃபுகுய் நகரில் அவர் 12.92 விநாடியில் ஓடியிருந்தார். அந்த ஓட்டத்தை அன்று இரவு மீண்டும் ஓடியிருந்தால் தங்கம் அவருடையது. பிறகு தொலைக்காட்சி நிருபரின் முன்னால் நின்று, தமக்கு எதுதான் குறைந்துவிட்டது என்று விளங்காதவர்போல் விம்மி அழுதார்.

"அஞ்சாவதா வந்ததுக்கா தாத்தா இவ்வளவு அழுகை? எட்டாவதா வந்தவரே பேசாம போறாரே" என்றான் பேரன்.

"இதே ஊர்ல, இதே இடத்துல, இதே ஓட்டத்துல நம்ம ஆள் ஒருத்தர் அஞ்சாவதா வந்திருக்கார்டா. அப்ப எனக்குப் பத்து வயசு" என்றேன். அவன் நம்பவில்லை. ஹர்டில்ஸ் என்றால் அவனுக்கு உஷா ஒருவர்தான். கேரளத்தில் வளர்ந்த பிள்ளை வேறு யாரை நினைப்பான்?

இதே இடம் என்று நான் சொன்னதில் மிகை ஏதுமில்லை. 1964 ஒலிம்பிக் நடந்த தேசிய அரங்கை 2015-ல் இடித்துவிட்டு, அதே மனையில் புது அரங்கை எழுப்பி 2019-ல் திறந்தார்கள். கொச்சங்காடிக்காரனுக்கு இப்படிப்பட்ட சங்கதி புதிதல்ல. எங்கள் பேட்டையில் 1344-ல் ஒரு யூத ஜெபாலயம் இருந்தது. ஆலயம் அடையாளமின்றிப் போய்விட்டது. அதன் கல்வெட்டு மட்டும் நடந்து சென்று ஜூதத் தெருவின் பரதேசி ஜெபாலய வளாகச் சுவரில் குடியேறிவிட்டது. கட்டடம் போனாலும் கல் பேசும் என்பதற்கு எங்களுக்கு அது போதும். கல்லும் இல்லாத சம்பவங்களுக்கு யார் பேசுவது என்பதுதான் கேள்வி. ஆகையால் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்.

என் தகப்பனார் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கெழுதியவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி வந்து, வந்த இடத்திலேயே வேரூன்றிவிட்ட எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அவருக்கு இரண்டு பைத்தியங்கள்: ஒன்று கச்சேரி, மற்றொன்று பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம். அந்த ஓட்டம் நடந்தது 1964 அக்டோபர் 18 ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பத்திரிகையைப் பார்த்த அவர், ஹாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்கள் தெருவில், அன்று ஹாக்கியைப் பற்றிப் பேசாத ஒரே மனிதராக இருந்தார். "குர்பச்சன் அஞ்சாவது வந்திருக்கான்" என்று அவர் அம்மாவிடம் சொன்னதும், அம்மா "யாரு, மண்டியில புதுசா சேர்ந்தவரா?" என்று கேட்டதும் எங்கள் வீட்டில் வெகுநாள் ஓடிய வேடிக்கை.

குர்பச்சன் சிங் ரந்தாவா அமிர்தசரஸ் பக்கத்து நங்லி கிராமத்தில் 1939-ல் பிறந்தவர். மத்திய ரிசர்வ் போலீஸில் உத்தியோகம் பார்த்தவர். அவர் தடையோட்டக்காரர் மாத்திரமல்லர் என்பதுதான் இந்தக் கதையின் விசேஷம். 1960-ல் தில்லியில் நடந்த தேசியப் போட்டியில், உயரம் தாண்டுதல், ஈட்டி எறிதல், தடையோட்டம், பத்து நிகழ்ச்சிகள் சேர்ந்த டெகத்லான் ஆகிய நான்கிலும் தேசியச் சாதனைகளை இரண்டே நாளில் முறியடித்தார். 1961-ல் அர்ஜுனா விருது ஏற்படுத்தப்பட்டபோது, தடகளத்தில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் டெகத்லான் தங்கம் அவருடையது. தைவான் அணிக்கு இந்தோனேசியா விசா மறுத்துவிட்டதால் அந்நாளில் ஆசியாவின் தலைசிறந்த டெகத்லான் வீரரான யாங் சுவான்-குவாங் அங்கே வரவில்லை என்பதையும், நேர்மைக்காக, சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாண்டு கழித்து டோக்கியோவில் இந்திய அணியின் கொடியைச் சுமந்து முன்னால் நடந்தவரும் அவர்தான்.

இப்படிப் பத்து வித்தைகளையும் கொஞ்சம் கொஞ்சம் பயின்ற ஒருவர், அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்காகவே ஆயுளைச் செலவிட்ட நிபுணர்களுடன் உலக மேடையில் இறுதிச் சுற்றில் சமமாக நின்றார் என்பது எத்தனை அபூர்வம் என்று எண்ணிப்பாருங்கள். எட்டுப் பேர். அமெரிக்கர் இருவர், சோவியத் நாட்டவர் ஒருவர், பிரெஞ்சுக்காரர் ஒருவர், இத்தாலியர் மூவர், எஞ்சிய ஒருவர் நம்மவர். 1960 ரோமில் வெண்கலம் வாங்கியிருந்த ஹேஸ் ஜோன்ஸ் இம்முறை 13.6 விநாடியில் தங்கம் வென்றார். பிளெய்ன் லிண்ட்கிரெனும் அனதோலி மிகாய்லோவும் 13.7, இத்தாலியின் எட்டி ஓட்டோஸ் 13.8, நம்மவர் 14.0. அதே 14.0 விநாடிதான் ஆறாவதாக வந்த பிரெஞ்சுக்காரர் துரியேவுக்கும். ஆனால் முன்னால் வந்தவர் நம்மவர். அன்று மழை பெய்திருந்ததென்று ரந்தாவா பிற்காலத்துப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒலிம்பிக்கில் செயற்கை ஓடுபாதை 1968-ல் மெக்சிகோவில்தான் வந்தது. டோக்கியோவில் ஓடியது கரித்தூள் பாதையில். ஈரமான கரித்தூளில் தடையோட்டம் ஓடுவது எப்படியிருக்கும் என்பதை அறிய, எங்கள் ஊர் இடவப்பாதி மழைக்குப் பிறகு செருப்பில்லாமல் பஜார் ரோட்டில் ஒரு சாக்குமூட்டையைத் தாண்டிப் பார்த்தால் போதும்.

இங்கே இந்த ஓட்டத்தின் இலட்சணத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம், தாண்டுவது இன்றைய விஷயத்துக்குப் பொருத்தமும்கூட.

தடைகள் பத்து. ஒவ்வொன்றும் 106.7 சென்டிமீட்டர், அதாவது மூன்றரை அடி உயரம். சராசரி மனிதனின் இடுப்புக்கும் சற்று மேலே. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர், தடைக்கும் தடைக்கும் இடையே 9.14 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 14.02 மீட்டர். இந்த விசித்திரமான பின்னங்களைக் கண்டு மிரள வேண்டாம். இங்கிலாந்தில் ஆட்டுக்கிடை அடைக்கிற மரத்தட்டிகளை வைத்து, பத்துப்பத்து கஜ இடைவெளியில் மாணவர்கள் விளையாடத் தொடங்கியதன் எச்சம் அது. பத்து கஜம் 9.14 மீட்டர், பதினைந்து கஜம் 13.72. நூற்றிருபது கஜத்தை 110 மீட்டராக்க வேண்டி வந்தபோது, பாக்கியிருந்த சில விரற்கடைகளைக் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

தடையோட்டத்தைத் தாண்டுகிற விளையாட்டு என்று பலர் எண்ணுகிறார்கள். தாண்டுகிறவன் தோற்றுப்போவான். காற்றில் இருக்கும் நேரமெல்லாம் வேகம் குறையும் நேரமாதலால், நல்ல ஓட்டக்காரன் தடைக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் முன்னாலேயே காலை எடுத்து, முன்கால் நேராக நீள, மார்பு தொடையை நோக்கிக் குனிய, பின்கால் பக்கவாட்டில் கதவைப் போலத் திறந்து மூட, தலை ஏறாமலும் இறங்காமலும் ஒரே மட்டத்தில் சறுக்கிச் சென்று, தரையை எவ்வளவு சீக்கிரம் தீண்ட முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தீண்டிவிடுகிறான். தாண்டலுக்கே மூன்றரை மீட்டர் போய்விட்டால், எஞ்சுகிற ஐந்தரை மீட்டர் சொச்சத்தில் அவன் மூன்றே அடிகள் வைக்க வேண்டும். நூறு மீட்டர் ஓடுகிறவன் இரண்டரை அடியிலேயே விழுங்கிவிடக்கூடிய தூரம் அது. ஆகையால் நெட்டையான, வேகமான மனிதனுக்கு இந்த ஓட்டத்தின் கஷ்டம் வேகம் போதாமை அன்று. இருக்கிற வேகத்துக்கு இடம் போதாமை. கால் நீள விரும்பும்; நீளவிட்டால் அடுத்த தடையில் முட்டும். சுருக்கிக்கொண்டே, ஆனால் வேகம் குறையாமல் ஓட வேண்டும். அடக்கத்தையும் ஆவேசத்தையும் ஒரே மூச்சில் கேட்கிற வேறொரு ஓட்டத்தை நான் அறியேன். முரதாகேக்கு அன்று எது குறைந்தது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். சொந்த ஊர்ச் சனம் ஆரவாரிக்கும்போது காலைச் சுருக்கிக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை மட்டும் ஊகிக்க முடிகிறது.

என் தகப்பனார் இதை வேறு விதமாகச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் நான் தடையோட்டம் பழகிய நாளில் ஒரு சாயங்காலம் அவர் மண்டியிலிருந்து நேரே மைதானத்துக்கு வந்து, வேலியோரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை, கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர் சொல்றாரேன்னு மூணு மூணா எண்ணாதே. நாலா எண்ணு. இறங்கற அடியையும் சேர்த்துக்கோ. தகதிமி, தகதிமி. உன்னோடது திஸ்ரமும் இல்லாம சதுஸ்ரமும் இல்லாம நொண்டுது" என்றார். தடைக்கு அப்பால் விழுகிற பாதம் ஒன்று, அதன்பின் வைக்கும் அடிகள் மூன்று; கணக்குப் பார்த்தால் தரையில் கேட்பவை நான்கு தட்டுகள்தாம், அப்புறம் காற்றில் ஒரு கார்வை. சிறந்த வீரர்களுக்கு அந்த ஓர் ஆவர்த்தனம் கிட்டத்தட்ட ஒரு விநாடி. ஒன்பது ஆவர்த்தனம் பிசகாமல் வர வேண்டும். மிருதங்கத்தைத் தூரத்திலிருந்து ரசித்ததைத் தவிர வேறு வித்தை அறியாத ஒரு கணக்கப்பிள்ளை இதைக் கண்டுபிடித்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

ஆனால் அந்தத் தகதிமியை நான் வாசித்து முடிக்கவில்லை. எங்கள் பள்ளியில் (எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை, மாஸ்டர் உத்தமமான மனிதர்) தடைகளைத் தச்சரிடம் கொடுத்து அயனி மரத்தில் செய்து வாங்கியிருந்தார்கள். நடுவில் ஊன்றிய பாதத்தோடு, தலைகீழாக நிறுத்திய ஆங்கில டி எழுத்தின் வடிவம். படகுக்கு ஆகிற மரம், பையனுக்கு ஆகுமா? தட்டினால் சாயாது, தட்டியவனைச் சாய்க்கும். உலகம் 1935 வாக்கிலேயே எல் எழுத்து வடிவத் தடைக்கு மாறிவிட்டது. பாதங்கள் ஓடிவருகிறவனை நோக்கி நீண்டிருப்பதால், கால் பட்ட கணத்தில் அது முன்னோக்கிச் சாய்ந்து வழிவிடும். முன்பெல்லாம் மூன்று தடைகளை வீழ்த்தியவனுக்குத் தகுதி போய்விடும் என்ற விதி இருந்தது. தடை இளகியதும் விதியும் இளகிப்போயிற்று. இந்தச் செய்தி எங்கள் மைதானத்துக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. நான்காவது தடையில் என் பின்காலின் முழங்கால் மோதியது. ஆறு தையல். அந்தத் தழும்பைத்தான் பேரன், நான் வாலிபத்தில் ஏதோ வீரச்செயல் புரிந்ததற்கு அத்தாட்சியாக, நண்பர்களிடம் காட்டிக்கொண்டிருக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் நான்காம் இடத்தை நன்றாக நினைவு வைத்துக்கொள்கிற ஜனங்கள். 1960 ரோமில் மில்கா சிங் நான்காவது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடையோட்டத்தில் பி.டி. உஷா நான்காவது, 55.42 விநாடி, ருமேனியாவின் கோஜோகாருவுக்கு ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு பின்னால். அந்த நூறில் ஒரு பங்கைப் பையோளி முதல் பாறசாலை வரை அறியாத குழந்தை கிடையாது. அவை சாதாரணமானவை என்று நான் சொல்வேனாகில் எங்கள் தெருவில் எனக்குச் சாயா கிடைக்காது. உஷாவின் அதே 55.42 விநாடியை 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் சமன் செய்தபோது அதை வீட்டில் கொண்டாடியவன் நான். ஆயினும் நான்காம் இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு பதக்கம் இருக்கிறது. அந்த ஏக்கமே அதை நினைவில் நிறுத்திவிடுகிறது. ஐந்தாம் இடத்துக்கு அப்படிப்பட்ட ஏக்கம் கிடையாது. ரந்தாவாவுக்கும் வெண்கலத்துக்கும் நடுவே 0.3 விநாடி. அதைக் கண்ணீராக மாற்ற எந்தப் பத்திரிகையாலும் முடியவில்லை, ஆகவே மறந்துவிட்டோம்.

என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன்: இந்திய ஆடவர் தடகள வரலாற்றில், நீரஜ் சோப்ராவின் ஈட்டியை நீக்கிவிட்டுப் பார்த்தால், மில்காவின் ரோம் ஓட்டத்தோடு ஒரே பலகையில் உட்கார வைக்கத் தக்கது இந்த ஐந்தாம் இடம்தான். ஓட்டம் இயற்கை தரும் வரம், தடையோட்டம் சாதகம். சாதகத்துக்குத் தடைகள் வேண்டும், பாதை வேண்டும், பிழை திருத்தும் ஆசான் வேண்டும். அவை பஞ்சமாயிருந்த நாட்டிலிருந்து போனவர் ரந்தாவா. அவருக்கும் முன்னால், 1954 மணிலா ஆசிய விளையாட்டில் இதே ஓட்டத்தில் 14.7 விநாடியில் தங்கம் வென்ற சர்வண் சிங்கை இந்த நாடு எப்படி வைத்துக்கொண்டது என்றால், பிற்காலத்தில் அவர் டாக்சி ஓட்டிப் பிழைத்தார். பதக்கத்துக்கே அந்தக் கதி என்றால் ஐந்தாம் இடத்தைப் பற்றிக் கேட்பானேன்.

டாக்சி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே டோக்கியோ, 2021. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஒலிம்பிக். ஜமைக்காவின் ஹான்ஸ்லே பார்ச்மென்ட் அரையிறுதிக்குக் கிளம்பியவர், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தவறான பேருந்தில் ஏறி, நீச்சல் போட்டி நடக்கும் இடத்துக்குப் போய் இறங்கிவிட்டார். திரும்பிப் போய் வேறு பேருந்து பிடித்தால் நேரம் தப்பிவிடும். அங்கிருந்த தொண்டர் பெண்ணொருத்தி தன் கைக்காசை டாக்சிக்குக் கொடுத்து அனுப்பி வைத்தாள். மனிதர் போய்ச் சேர்ந்தார், இறுதிக்கு வந்தார், ஹாலோவேயை முந்தி 13.04 விநாடியில் தங்கமும் வென்றார். பிறகு அவளைத் தேடிக் கண்டுபிடித்துப் பதக்கத்தைக் காட்டிக் கடனையும் திருப்பிக் கொடுத்தார். விநாடியை ஆயிரம் கூறாக்கி அளக்கிற ஓட்டத்தில் ஒரு டாக்சிக் கட்டணம் எந்தக் கூற்றில் சேரும் என்று என் தகப்பனார் இருந்திருந்தால் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார்.

ஆயிரம் கூறு என்பது அலங்காரமன்று. 2022 யூஜீன் உலகப் போட்டியின் இறுதியில், வெடி வெடித்து 0.100 விநாடிக்குள் புறப்படுவது குற்றம் என்னும் விதிப்படி, டெவன் ஆலன் 0.099 விநாடியில் புறப்பட்டார் என்று கருவி காட்ட, அவரை வெளியே அனுப்பினார்கள். தம் சொந்த நாட்டுக் கூட்டம் பார்த்திருக்க அவர் நடந்து போனார். சட்டம் சட்டம்தான், எனக்கென்னவோ அது இன்னும் சமாதானமாகவில்லை.

இப்போது நம்மவர் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். மும்பையின் சித்தாந்த் திங்களாயா 2017-ல் 13.48 விநாடிக்குக் கொண்டுவந்த தேசியச் சாதனையை, மகாராஷ்டிரத்தின் தேஜஸ் ஷிர்ஸே 2024 மே மாதத்தில் பின்லாந்தின் யுவாஸ்கூலா நகரில் 13.41 ஆக்கினார். 1964-க்குப் பிறகு ஒலிம்பிக்கின் இந்த இறுதிச் சுற்றில் இந்தியர் ஒருவரும் நிற்கவில்லை என்றாலும், வாசலுக்கு மெல்ல நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானுக்கும் அப்படித்தான் இருந்தது. அவர்களில் முதன்முதலாக ஒலிம்பிக்கின் இந்த இறுதியில் ஓடியவர் முரதாகே, 2024 பாரிஸில். அங்கும் அவர் பெற்றது ஐந்தாம் இடமே.

தேஜஸ் ஷிர்ஸேயை நான் என் கண்ணால் பார்த்தேன். 2025 ஏப்ரலில் தேசிய ஃபெடரேஷன் போட்டி எங்கள் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் நடந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போவதென்பது என் சிறுவயதில் வேற்றூர் போவதுதான். இந்த ஊர்களைச் சேர்த்துக் கொச்சி மாநகராட்சி ஆக்கியதே 1967-ல். பழக்கதோஷத்தால் நான் இன்றும் படகில்தான் போகிறேன். நம் பிரவீண் சித்திரவேல் மும்முறை தாண்டுதலில் 17.37 மீட்டர் பாய்ந்து தம் தேசியச் சாதனையைத் தாமே சமன் செய்தது அங்கேதான். கூட்டமெல்லாம் மணல்குழிப் பக்கம் இருந்தது, இருக்க வேண்டியதுதான். தடையோட்டத்தின்போது வேலியோரம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே நின்றோம். ஷிர்ஸே வென்றார். நான் பாதி ஓட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டதால், அவர் எவ்வளவு தூரம் முன்னால் வந்தார் என்பதைப் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரிலோ பக்கத்து நகரிலோ தடகளப் போட்டி நடந்தால், பந்தலின் கீழ் நாற்காலி தேடாமல், ஆறாவது ஏழாவது தடைக்கு நேரே வேலியோரம் போய் நில்லுங்கள். துப்பாக்கி வெடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான்கு தட்டு, ஒரு கார்வை. நான்கு தட்டு, ஒரு கார்வை. யாருடைய தாளம் நொண்டவில்லை என்று பாருங்கள், யார் முதலாவது என்பது பிறகு தானே தெரிந்துவிடும்.